ஜான் வானமேக்கர்

வட அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் நவம்பர்த் திங்கள் நான்காம் வியாழக்கிழமையன்று நன்றியறிதல் திருநாள் கொண்டாடப்படுகின்றது. 1863ஆம் ஆண்டில், உள்நாட்டுப் போர் கொழுந்துவிட்டெரிந்த காலத்தில், ஆபிரகாம் லிங்கன் அதனை நாடு முழுவதற்கும் உரிய நாளாகப் பிரகடனம் செய்தார். விளைவுக்கும் பிற நன்மைகளுக்கும் இறைவனைத் துதித்து, பிரிந்திருக்கும் குடும்பத்தார் ஒருங்கு கூடி உண்ணும் நாள் அஃது. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையோ முற்றிலும் வேறு தன்மையது. பொழுது புலருமுன்னரே கடைவாயில்களில் மக்கள் திரள்வர். கதவு திறந்ததும் ஒருவரையொருவர் நெருக்கித் தள்ளிக்கொண்டு உட்புகுவர். மலிவு விலையில் வைக்கப்பட்ட பொருள்களை முந்திக் கைப்பற்ற முயல்வர். அண்மைக் காலத்தில் பலர் வீட்டிலிருந்தபடியே கணினி வாயிலாக வாங்கக் கற்றுக்கொண்டமையால் இந்நெருக்கம் ஓரளவு தணிந்துள்ளது, எனினும் நின்றுவிடவில்லை. முந்தின நாள் உள்ளதற்கு நன்றி கூறிய மக்களே மறுநாள் இல்லாததைத் தேடி ஓடுவதைக் கருதுங்கால் நமக்கு நகைப்பும் வருகின்றது, வருத்தமும் வருகின்றது.

இந்நாளுக்குக் கறுப்பு வெள்ளி என்று பெயர். பெரிய வெள்ளியைத் துக்கத்தோடு அனுசரிக்கும் நமக்கு இப்பெயர் வேறு பொருள் தருதல் கூடும். கணக்குப் புத்தகத்தில் நஷ்டத்தைச் சிவப்பு மையாலும் இலாபத்தைக் கறுப்பு மையாலும் எழுதும் வழக்கத்திலிருந்து இது பிறந்தது என்று வணிகர்கள் பிற்காலத்தில் ஓர் அழகிய விளக்கம் கூறினர். உண்மை அதுவன்று. 1950ஆம் ஆண்டுக்குப் பின் பிலதெல்பியா நகரத்துக் காவலர்களே இப்பெயரை வழங்கினர். நன்றியறிதல் நாளுக்கு மறுநாள் பொருள் வாங்க வருவோரும், சனிக்கிழமையன்று நடைபெறும் தரைப்படை, கடற்படைக் கல்லூரிகளின் பந்தாட்டத்தைக் காண வருவோரும் ஒருங்கு சேர்ந்து வீதிகளை அடைத்துவிட, விடுப்பின்றி நெடுநேரம் நின்று உழைத்த காவலர்கள் சலிப்பினால் இட்ட பெயர் அது. 1961ஆம் ஆண்டில் அந்நகரத்து வணிகர்கள் அதனை மாற்ற முயன்றும் முடியவில்லை.

பிலதெல்பியா என்பது வெளிப்படுத்தின விசேஷத்தைப் படித்தோர் யாவரும் அறிந்த பெயர். சகோதர நேசம் என்பது அதன் பொருள். சகோதர நேசத்தின் பெயரால் அமைந்த நகரத்திலே ஒருவரையொருவர் தள்ளும் கூட்டத்துக்குப் பெயர் பிறந்தது வேடிக்கையே. அந்நகரத்து மக்களைப் பெருங்கடையொன்றில் ஆயிரக்கணக்கில் கூடுமாறு முதலில் பழக்கியவர் ஜான் வானமேக்கர் என்னும் பெரியார். கறுப்பு வெள்ளி என்ற சொல் அவர் செவியில் விழுந்ததில்லை. அது பிறக்குமுன்னரே அவர் மறைந்துவிட்டார். ஆயினும் அந்நாளின் கூட்டத்துக்கு அடிகோலியவர்களுள் அவர் ஒருவர் என்பதையும், பேரத்தில் நிகழ்ந்த பொய்யைக் கடைத்தெருவிலிருந்து ஓட்டியவர்களுள் அவர் தலைசிறந்தவர் என்பதையும் ஒருங்கே நோக்கினாலன்றி அவரை அறிந்துகொள்ள இயலாது.

வானமேக்கர் 1838ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11ஆம் நாள் பிலதெல்பியாவின் தென்புறத்தில் பிறந்தார். தந்தையார் செங்கல் செய்பவர், பாட்டனாரும் அத்தொழிலினரே. பச்சைக் கற்களை வெயிலில் புரட்டிப்போட்டு உலர்த்துவது சிறுவனின் வேலை. பள்ளிப் படிப்பு மிகச் சிறிதே. பதினான்கு வயதளவில் ஒரு புத்தக வியாபாரியிடம் வாரத்துக்கு ஒன்றேகால் டாலர் கூலிக்கு ஏவலாளாக அமர்ந்தார். பின்னர் ஆயத்த ஆடைக் கடைகளில் வேலை பார்த்தார். நுரையீரல் பலங்குன்றியமையால் சிலகாலம் வேலையை விட்டு மேற்குத் திசையில் யாத்திரை செய்து உடல் தேறித் திரும்பினார்.

திரும்பியவர் உடனே வாணிகத்துக்குச் செல்லவில்லை. பிலதெல்பியாக் கிறிஸ்தவ வாலிபர் சங்கம் அவரை ஆண்டுக்கு 1000 டாலர் ஊதியத்தில் தன் காரியதரிசியாக நியமித்தது. அந்நாட்டில் அச்சங்கத்துக்கு முழுநேர ஊதியம் பெற்று உழைத்த முதற் காரியதரிசி அவரே என்பர். அக்காலத்திலேயே, 1858ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், நகரின் முரட்டுப் பகுதியொன்றில், செருப்புத் தைக்கும் ஒருவர் வீட்டு மாடியில் ஓய்வுநாட் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். முதல் நாள் கூடினோரைத் தெருக் காலிகள் தாக்கிக் கலைத்துவிட்டனர். பத்தொன்பது வயது வாலிபர் அஞ்சவில்லை; மறுபடியும் கூட்டினார். பெத்தானியா என்று பெயர் பெற்ற அப்பாடசாலை, இருபத்தேழு பிள்ளைகளோடு தொடங்கி, பல ஆயிரம் பேர் பயிலும் நிலையமாக வளர்ந்தது. அவர் தம் வாழ்நாள் முழுதும் அதன் தலைவராயிருந்தார். நம்முள் பலர் இப்போது அதே வயதினர் என்பதை நினைக்க நமக்குச் சிறிது கூச்சமே உண்டாகின்றது.

1860இல் மேரி பிரௌன் என்னும் நங்கையை மணந்தார். மனைவியின் சகோதரர் நேதன் பிரௌனோடு கூடி 1861ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் ஓக் ஹால் என்ற ஆடைக்கடையைத் திறந்தார். நான்கே நாள்களில் சம்ட்டர் கோட்டையின்மீது பீரங்கி முழங்கியது. உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது. கடை திறக்க இதனினும் தீய வேளை வேறொன்று இருத்தல் அரிது. முதல் நாள் வரவு 24 டாலர் 67 சென்ட். அதில் 24 டாலரைப் பத்திரிகை விளம்பரத்துக்குச் செலவிட்டு, 67 சென்டை மறுநாட் சில்லறைக்காகப் பெட்டியில் வைத்தனர் என்று அவர் சரித்திரம் கூறும். போரில் சேர அவர் முயன்றார். நுரையீரல் காரணமாகத் தள்ளப்பட்டார். உடுப்புத் தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தங்கள் கிடைத்தமையால் கடை பிழைத்தது.

அக்காலத்து ஆடைக்கடைகளின் நிலையை இங்குச் சற்றே விரித்துரைத்தல் வேண்டும். பொருளின்மீது விலை எழுதப்படுவதில்லை. எழுதினும் கடைக்காரருக்கே விளங்கும் மறைக்குறிகளால் எழுதுவர். வீதியில் செல்வோரைக் கைப்பற்றி இழுத்து வருவதற்கென்றே ஆட்கள் வாயிலில் நிற்பர். உள்ளே வந்தவனுடைய உடையையும் முகத்தையும் நோக்கி விலை கூறப்படும். அவன் பாதி கேட்பான், கடைக்காரர் ஆணையிட்டு மறுப்பார், அவன் வெளியேறுவது போல நடிப்பான், மீண்டும் அழைக்கப்படுவான். வாங்கியபின் பொருள் பழுதெனக் கண்டாலோ, அது வாங்கியவன் தலைவிதி. இக்காட்சி நமக்குப் புதிதன்று. பேரம் பேசத் தெரியாத பிள்ளையைச் சந்தைக்கு அனுப்பலாகாது என்பது நம் வீடுகளில் இன்றளவும் உள்ள கொள்கை. பேரத்தில் ஒரு சுவையும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அச்சுவை யாருக்கு உரியது? வாய்வல்லவனுக்கும் காலங்கழிக்க வசதி உடையவனுக்கும் உரியது. கூச்சமுடையவன், அயலூரான், மொழி தெரியாத குடியேறி, தாய் அனுப்பிய சிறுமி ஆகிய இவர்களே மிகுந்த விலை கொடுப்பர். அஃதாவது, கொடுக்க இயலாதவனே கூடுதலாகக் கொடுப்பான்.

வானமேக்கர் இதனை அறவே ஒழிக்கத் துணிந்தார். எல்லார்க்கும் ஒரே விலை. அவ்விலை யாவரும் காணப் பொருளின்மீதே எழுதப்படும். பொருள் பிடிக்காவிடின் திருப்பிக் கொடுத்துப் பணத்தை மீண்டும் பெற்றுக்கொள்ளலாம். இவ்வுறுதியை 1865ஆம் ஆண்டளவில் அவர் வெளிப்படையாக விளம்பரம் செய்தார். இவற்றை அவரே முதன்முதல் கண்டுபிடித்தார் என்று புகழ்வோர் உளர், அது மிகையே. பொய்யுரைத்தல் பாவம் என்பதனால் குவேக்கர் சபையைச் சேர்ந்த வணிகர்கள் அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரே விலை கூறி விற்றனர். பிலதெல்பியாவை நிறுவிய வில்லியம் பென் அச்சபையினரே. நியூயார்க்கில் ஸ்டுவர்ட் என்பவரும், பாரிஸ் நகரில் பூசிக்கோ என்பவரும் இம்முறையைக் கையாண்டனர். வானமேக்கரின் பெருமை, இதனை மிகப் பெரிய அளவில், ஒரு நகரமே நம்பும்படி, இடைவிடாது செய்து காட்டியதில் உள்ளது. பணத்தைத் திருப்பிக் கொடுப்பவன் விரைவில் திவாலாவான் என்று அக்காலத்தார் பலர் கருதினர். அவரோ செல்வரானார்.

1868இல் நேதன் பிரௌன் இறந்தார். அதன்பின் வானமேக்கரின் முயற்சி மேலும் விரிந்தது. நகரின் நடுவே, பதின்மூன்றாம் வீதியும் மார்க்கெட் வீதியும் கூடுமிடத்தில், இருப்புப்பாதைக் கம்பெனியார் கைவிட்ட பெரிய சரக்குக் கொட்டகை ஒன்று இருந்தது. அதனை அவர் விலைக்கு வாங்கினார். வாங்கியவுடன் கடையாக்கவில்லை, மூடி, சாங்கி என்னும் நற்செய்தியாளர்கள் 1875ஆம் ஆண்டின் இறுதியில் எழுப்புதற் கூட்டங்கள் நடத்த அதனை விட்டுக்கொடுத்தார். பல்லாயிரவர் அங்கே கூடி வசனம் கேட்டனர். கூட்டங்கள் முடிந்தபின் அதே கூரையின்கீழ், 1876ஆம் ஆண்டு மே மாதத்தில், அவருடைய பெருங்கடை திறக்கப்பட்டது. அந்நாட்டின் நூற்றாண்டு விழாவை முன்னிட்டு அப்பொழுது அந்நகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றமையால், காண வந்தோர் யாவரும் கடையையும் கண்டு சென்றனர். அடுத்த ஆண்டில் ஆடையோடு பிற சரக்குகளும் தனித்தனிப் பகுதிகளாக அங்கு வைக்கப்பெற்றன. நடுவே வட்டமான நீண்ட மேசைகள்; அவற்றைச் சூழப் பலவகைப் பகுதிகள்; வாங்க வேண்டுமென்ற கட்டாயமின்றி எவரும் உலாவிப் பார்க்கலாம். 1878 டிசம்பரில் அங்கு மின்விளக்கு எரிந்தது. புதுமையைக் காணவே மக்கள் குவிந்தனர். 1879இல் பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் வெளிவந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் மட்டும் அவர் விளம்பரம் செய்வதில்லை.

இனி மலிவு விற்பனைக்கு வருவோம். கிறிஸ்துமஸ் முடிந்தபின் ஜனவரி மாதத்தில் வாணிகம் ஓய்ந்துவிடும். கையிலுள்ள பணத்தை மக்கள் செலவழித்துவிட்டிருப்பர். ஊழியர்கள் சும்மா நிற்பர். 1878ஆம் ஆண்டு ஜனவரியில் வானமேக்கர் படுக்கை விரிப்பு, மேசைத் துணி முதலிய வெண்ணிறத் துணிகளை மட்டும் குறித்த சில நாள்களுக்குத் தாழ்ந்த விலையில் விற்பதாக அறிவித்தார். வெள்ளை விற்பனை என்று அதற்குப் பெயரிட்டார். அக்காலத்தில் படுக்கை விரிப்பெல்லாம் வெள்ளையே. கூட்டம் வந்தது. ஆண்டுதோறும் அது வழக்கமாயிற்று. பிற வணிகர்களும் பின்பற்றினர். பின்னர் வண்ண விரிப்புகள் வந்தபோதும் வெள்ளை விற்பனை என்ற பெயர் மாறவில்லை.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று எண்ணவேண்டியுள்ளது. ஆளுக்கொரு விலையை ஒழித்தவரே நாளுக்கொரு விலையைக் கொணர்ந்தார். இதில் பொய் ஒன்றுமில்லை. குறைத்த விலையும் எல்லார்க்கும் பொதுவானதே. ஆயினும் இதனால் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. பேரம் இருந்த காலத்தில் வாங்குவோன் விற்போனோடு போராடினான். விலை ஒன்றாகி, அதுவும் குறித்த நாளில் குறித்த அளவுப் பொருளுக்கே தாழ்வாக வைக்கப்பட்டபோது, விற்போன் ஒதுங்கி நின்றான். வாங்குவோர் தம்முள் போராடத் தொடங்கினர். கூச்சமுடையவனுக்கு ஒரே விலை தந்த பாதுகாப்பை மலிவு விற்பனை ஓரளவு பறித்துக்கொண்டது. அங்கே வாய்வன்மைக்குப் பதிலாகத் தோள்வன்மை வேண்டியதாயிற்று. 2008ஆம் ஆண்டு நன்றியறிதல் நாளுக்கு மறுநாள் நியூயார்க் மாகாணத்தில் ஒரு பெருங்கடையின் கதவை உடைத்துக்கொண்டு புகுந்த கூட்டத்தின் காலடியில் கடை ஊழியர் ஒருவர் மிதியுண்டு மாண்டார். இதற்கு வானமேக்கரைப் பொறுப்பாக்குதல் அநீதி. எனினும், நல்லதொரு மனிதர் நல்லெண்ணத்தோடு திறந்த வாயில் எங்கெங்கே கொண்டுபோய் விடுகின்றது என்பதை எண்ணாமல் நாம் இச்சரித்திரத்தை எழுத இயலவில்லை.

1889 முதல் 1893 வரை, குடியரசுத் தலைவர் ஹாரிசனின் கீழ், அவர் தபால் இலாகாவின் தலைவராயிருந்தார். இஃது அவர் புகழுக்கு முற்றும் நலந்தந்த காலம் என்று கூறுதற்கில்லை. தேர்தலுக்குப் பெரும்பொருள் திரட்டித் தந்தமையாலேயே அப்பதவி கிடைத்தது என்று பலர் பழித்தனர். எதிர்க்கட்சியைச் சார்ந்த தபால் அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் நீக்கப்பட்டனர். இதனால் தியோடர் ரூஸ்வெல்ட்டோடு அவருக்குப் பெரும் பிணக்கு உண்டாயிற்று. டால்ஸ்டாயின் நாவல் ஒன்றைத் தபாலில் அனுப்பலாகாதென்று அவருடைய இலாகா 1890இல் தடுத்தது. இலக்கிய மாணவராகிய நாம் இதனைப் பாராட்ட இயலாது. ஆனால் கிராமத்துக் குடியானவன் பல மைல் நடந்து வந்து கடிதம் வாங்கிப்போகும் நிலை மாறி, அவன் வீட்டு வாயிலிலேயே இலவசமாகத் தபால் கொடுக்கப்படவேண்டும் என்று விடாது வாதித்தவர் அவர். அது 1896இல் தொடங்கிற்று. சிப்பங்களையும் தபாலில் அனுப்ப வழிவேண்டும் என்று வற்புறுத்தினார். தனியார் சரக்குக் கம்பெனிகள் குறுக்கே நின்றமையால் அது 1913 ஜனவரியில்தான் நிறைவேறிற்று. பதவியிலிருந்த காலத்திலும் வாரந்தோறும் வாஷிங்டனிலிருந்து பிலதெல்பியாவுக்கு வந்து பெத்தானியாப் பாடசாலையை நடத்தினார் என்பது குறிப்பிடத்தக்கது.

1896இல், முன்னே கூறிய ஸ்டுவர்ட்டின் நியூயார்க் கடையையும் வாங்கினார். தம் கடைச் சிறுவர்களுக்கும் சிறுமியர்க்கும் கல்வி புகட்ட அதே ஆண்டில் ஒரு வணிகப் பள்ளியை நிறுவினார். தொழிற்சங்கங்களை மட்டும் அவர் விரும்பவில்லை. ஊழியர்க்கு நன்மை தம் கையாலேயே செய்யப்படவேண்டும் என்பது அவர் எண்ணம் போலும். தந்தைபோல் நடத்துவோரிடம் இக்குறை பெரும்பாலும் காணப்படுவதே.

பழைய கொட்டகை இருந்த இடத்தில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பினார். 1911ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் குடியரசுத் தலைவர் டாப்ட் அதனைப் பிரதிஷ்டை செய்தார். அதன் நடுவே பல மாடி உயரம் திறந்து நிற்கும் பெருமுற்றம் உண்டு. அங்கே வெண்கலக் கழுகு ஒன்று வீற்றிருக்கும். 1904இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடைபெற்ற பொருட்காட்சியிலிருந்து வாங்கப்பட்டது. கடை நடந்த காலத்தில் நண்பர்கள் ஒருவரையொருவர் சந்திக்கக் குறித்த இடம் அக்கழுகின் அடியே. அதே பொருட்காட்சியில் வைக்கப்பட்டிருந்த மாபெரும் ஆர்கனையும் வாங்கினார். அதனைக் கொண்டுவரப் பதின்மூன்று சரக்கு வண்டிகள் வேண்டியிருந்தன. 1911 ஜூன் 22ஆம் நாள், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு நாளில், அது முதன்முறையாக அங்கு ஒலித்தது. முற்றத்தின் பரப்புக்கு அதன் ஒலி போதாமையால், கடைக்குள்ளேயே தொழிற்சாலை அமைத்துக் குழல்களைப் பெருக்கினர்; பத்தாயிரமாயிருந்த குழல்கள் பிற்காலத்தில் இருபத்தெட்டாயிரத்துக்கு மேலாயின. கடை நடந்த காலத்தில், கிறிஸ்துமஸ் வந்தால், வாங்க வந்தோரும் விற்றோரும் கைவேலையை நிறுத்தி ஒருங்கே கீதம் பாடினர்.

முதல் உலகப் போருக்குப் பின் விலைவாசி தாங்கொணாது ஏறிற்று. 1920ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் எண்பத்தோராம் வயதில், கடையிலுள்ள அனைத்துக்கும் நூற்றுக்கு 20 வீதம் குறைப்பதாக அவர் அறிவித்தார். பெருந்திரளான மக்கள் இரு நகரங்களிலும் கடைகளை முற்றுகையிட்டனர். நாடெங்கும் வணிகர்கள் விலையைத் தாழ்த்தத் தலைப்பட்டனர். அவர் கண்ட மலிவு விற்பனைகளுள் இதுவே நம் மனத்துக்கு மிகவும் உகந்தது. ஓரிரு பொருள்களைக் காட்டி மக்களை ஓடவிடாமல், எல்லாவற்றையும் எல்லார்க்கும் குறைத்தது இது.

சென்னை மக்களும் அவருக்குக் கடன்பட்டவர்களே. 1890இல் சென்னையில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைத் தொடங்கிய டேவிட் மக்கானகி பிலதெல்பியாவிலிருந்து வந்தவர். எஸ்பிளனேடில் எழுப்பப்பட்ட சங்கத்தின் சிவந்த கட்டடத்துக்கு வானமேக்கர் பெரும்பொருள் உதவினார். அவ்வழியே செல்வோருள் எத்தனைபேர் ஒரு துணிக்கடைக்காரரை நினைக்கின்றனரோ அறியோம்.

1922ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12ஆம் நாள், கிறிஸ்துமஸ் வாணிகம் மும்முரமாய் நடந்துகொண்டிருந்த காலத்தில், அவர் காலஞ்சென்றார். பெத்தானியா ஆலயத்தில் அடக்க ஆராதனை நடைபெற்றது. அடுத்த ஆண்டில் நகர மண்டபத்தின் கீழ்ப்புறத்தில், அவருடைய கடையின் அருகே, அவருக்குச் சிலை நாட்டினர். வணிகரென்றும் அமைச்சரென்றும் பொறியாமல், அவர் பெயரின்கீழ்க் குடிமகன் என்று மட்டும் பொறித்தனர்.

கடை பின்னர்ப் பலர் கைமாறிற்று. 1995இல் அவர் பெயரும் வாயிலிலிருந்து நீங்கிற்று. 2006 முதல் மேசீஸ் என்னும் கம்பெனியார் அங்கு வாணிகம் நடத்தி, 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மூடினர். மூடுவதற்கு முந்தின நாள் பெருமுற்றத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் தோளோடு தோள் நெருங்கி நின்றனர். மாடிகளின் கைப்பிடிச் சுவர்களெங்கும் தலைகளே தெரிந்தன. அவர்கள் அன்று கூடியது ஆர்கனைக் கேட்பதற்காக.